ஆறாண்டோடு நிறுத்திவிடலாமா?



ஆண்டு மலரில் தலைமையாசிரியருக்கென ஒதுக்கப்படும் பக்கத்தில் வாழ்த்தும் நன்றியும் கூறி அமைவது மரபு. நாமும் இதுவரை அம்மரபைப் பிசகாமல் காத்து வந்தோம். இவ்வாண்டு, நன்றி கூறும் பணியைப் பெற்றோர் ஆசிரியர் சங்கச் செயலாளரிடம் ஒப்படைத்துவிட்டு, நம் மனத்தை நெடுநாளாக அரித்துக்கொண்டிருக்கும் ஒரு செய்தியை எழுத முற்படுகின்றோம். அது நம் பள்ளியைப் பற்றியதன்று. நம் பள்ளியை விட்டுச் சென்ற பிள்ளைகளைப் பற்றியது.

ஆறாம் ஆண்டு முடிந்து விடைபெற்றுச் செல்லும் பிள்ளைகளை ஓராண்டு, ஈராண்டு கழித்து மாரியம்மன் கோயில் திருவிழாவில் காண்கின்றோம். உயரமாக வளர்ந்திருப்பார்கள். ஓடி வந்து வணங்குவார்கள். நலம் விசாரித்தபின் நாம் கேட்கும் இரண்டாவது கேள்வி, "இடைநிலைப்பள்ளியில் தமிழ் எடுக்கிறாயா?" என்பதே. அக்கேள்வியைக் கேட்டதும் பிள்ளையின் பார்வை தரைக்கு இறங்கிவிடும். "இல்லை ஐயா" என்று மெல்லிய குரலில் பதில் வரும். அருகில் நிற்கும் தாயார் உடனே, "அங்கே வகுப்பு இல்லீங்க ஐயா" என்பார். சிலர், "பஸ் கிடைக்கலீங்க" என்பார். நாம் தலையசைத்துவிட்டு நகர்ந்துவிடுவோம். பல திருவிழாக்கள் இவ்வாறே கழிந்தன.

தமிழ்ப்பள்ளி என்றால் நம் சமுதாயம் வரிந்து கட்டிக்கொண்டு எழும். 1816-ஆம் ஆண்டு பினாங்கு ஃபிரீ ஸ்கூலில் தொடங்கிய தமிழ் வகுப்பை இந்நாட்டுத் தமிழ்க் கல்வியின் தோற்றமாகக் கொண்டு, 2016-இல் இருநூறாம் ஆண்டு விழா எடுத்தோம். 1912-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி அமைக்க வேண்டும் என்று விதித்ததையும், ஆயாக் கொட்டகை ஓரத்தில் கிராணியாரோ கங்காணியோ பாடஞ்சொல்லிக் கொடுத்ததையும் மேடைதோறும் நினைவுகூர்கின்றோம். 1957-இல் 888 ஆக இருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று ஐந்நூற்றுச் சொச்சமாகக் குறைந்துவிட்டன என்று வருந்துகின்றோம். எங்கேனும் ஒரு பள்ளியை மூடப்போவதாகச் செய்தி வந்தால் மனுக்கொடுக்கின்றோம். இவையெல்லாம் வேண்டியவையே. ஆயினும், பன்னிரண்டு வயதில் ஒரு பிள்ளையின் தமிழ் நின்றுபோகும்போது, அதற்காக எவரும் மனுக்கொடுப்பதில்லை. அது செய்தித்தாளில் வருவதுமில்லை.

பால்மரத்தோடு பழகியவர்களுக்கு ஒன்று தெரியும். ஒட்டுக்கன்றை நட்டு, களையெடுத்து, உரமிட்டு, ஏறக்குறைய ஆறாண்டு காத்திருந்த பின்னரே மரத்தில் கத்தி வைக்க முடியும். அந்த ஆறாம் ஆண்டில், பால்வெட்டத் தொடங்க வேண்டிய காலையில், மரத்தைச் சாய்த்துவிடும் தோட்டக்காரர் எவரும் உண்டா? ஆறாண்டு தமிழ் கற்ற பிள்ளை எழுத்துக்கூட்டாமல் வாசிக்கும். ஒரு கடிதம் எழுதும். சிறுகதையைப் படித்துப் பொருள் கூறும். சிந்திக்கவும் வாதிடவும் அம்மொழியைக் கையாளும் பருவம் அதன் பின்னரே வருகின்றது. அப்பருவத்தில் மொழி கைவிடப்பட்டால் அது பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் மொழியாகவே நின்றுவிடும். நாற்பது வயதிலும் அவர் பன்னிரண்டு வயதுத் தமிழையே பேசுவார், எழுதக் கூசுவார்.

முன்பு ஆறாம் ஆண்டில் யு.பி.எஸ்.ஆர். தேர்வு இருந்தது, மூன்றாம் படிவத்தில் பி.டி.3 இருந்தது. இரண்டிலும் தமிழ்த்தாள் இருந்தமையால், தேர்வுக்காகவேனும் பிள்ளை தமிழ்ப் புத்தகத்தைத் திறந்தது. முன்னது 2021-இலும் பின்னது 2022-இலும் நீக்கப்பட்டன. தேர்வுச் சுமை குறைந்தது பற்றி நமக்கு மகிழ்ச்சியே. ஆனால் அவ்விரு படிக்கட்டுகளும் போனபின், தமிழில் எஸ்.பி.எம். என்னும் மேல்தளத்துக்குப் பிள்ளை தாமாகவே ஏற வேண்டியதாயிற்று.

இனி, சட்டம் என்ன கூறுகின்றது என்பதைப் பார்ப்போம். இதைப் பெற்றோர் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் வேண்டும். ஆதலால் சற்று விரிவாகவே எழுதுகின்றோம்.

1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம், தேசிய இடைநிலைப்பள்ளி எது என்று வரையறுக்கும் இடத்திலேயே தாய்மொழியைப் பற்றிப் பேசுகின்றது. ஒரு பள்ளியில் குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டுக்கொண்டால், அங்கே சீனமோ தமிழோ கற்பிக்க வசதி செய்தல் வேண்டும் என்பது விதி. இஃது இன்று நேற்று வந்ததன்று. 1961-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் பதினைந்து என்னும் அவ்வெண் இருந்தது. பூர்வகுடி மொழிகளுக்கு வரும்போது, நியாயமாகவும் நடைமுறைக்கு ஏற்பவும் இயன்றால் என்ற நிபந்தனையையும் சட்டம் சேர்த்துக்கொள்கின்றது. அரபு, ஜப்பான், ஜெர்மன், பிரெஞ்சு முதலிய மொழிகளுக்கு வசதி செய்யலாம் என்பதோடு நின்றுவிடுகின்றது. 'செய்யலாம்' என்பதற்கும் 'செய்தல் வேண்டும்' என்பதற்கும் உள்ள வேறுபாட்டை நம் ஐந்தாம் ஆண்டு மாணவர்கள்கூட அறிவார்கள். தமிழுக்குக் கிடைத்திருப்பது 'வேண்டும்'. நாம் அதைக் கேட்டுப் பெறாமல் இருக்கின்றோம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பதினைந்து பேர் ஒரே வகுப்பில் இருக்க வேண்டும் என்று பலரும் எண்ணிக்கொண்டிருக்கின்றனர். சட்டம் கூறுவது பள்ளியில் பயிலும் பதினைந்து மாணவர்களை. ஒன்றாம் படிவத்தில் ஐவர், இரண்டாம் படிவத்தில் நால்வர், மூன்றில் மூவர், நான்கிலும் ஐந்திலுமாக மூவர் என்றிருந்தாலும் கணக்குச் சரியாகிவிடும். நம் பள்ளியிலிருந்து ஆண்டுதோறும் பத்துப் பன்னிருவரே இடைநிலைப்பள்ளிக்குச் செல்கின்றனர். அவர்களும் இரண்டு மூன்று பள்ளிகளுக்குப் பிரிந்து போகின்றனர். ஆகவே, "நம் பிள்ளைகளை மட்டும் வைத்துப் பதினைந்து வராதே" என்று கைவிட்டுவிடுகின்றோம். பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளைகளும், மேல்படிவத்தில் இருக்கும் அண்ணன் அக்காள்மாரும் அந்தக் கணக்கில் சேர்வார்கள் என்பதை நாம் மறந்துவிடுகின்றோம்.

கையொப்பம் திரட்டும் இவ்வேலை நமக்கு மட்டும் வாய்த்ததன்று. இத்தாலி நாட்டின் தென்பகுதியில் அவிலியானோ என்னும் ஊரில் 1887-இல் பிறந்த ஒரு சிறுவன், 1896-இல் தாயாருடன் அமெரிக்காவின் நியூயார்க் நகரில் குடியேறினான். அவனுடைய குடும்பப் பெயர் கோவியெல்லோ. பள்ளியில் ஓர் ஆசிரியை, உச்சரிக்க வசதியாக இருக்கட்டுமே என்று அதைக் கோவெல்லோ எனச் சுருக்கிவிட்டார். அவன் வீட்டில் அது பெருங்கலகமாயிற்று. (நம் தோட்டத்துப் பிறப்புப் பத்திரங்களைப் பார்த்தவர்களுக்கு இது புதுமையாகத் தோன்றாது. ஒரே தகப்பனாருக்குப் பிறந்த மூன்று பிள்ளைகளின் பத்திரங்களில் அத்தகப்பனார் பெயர் மூன்று விதமாக எழுதப்பட்டிருப்பதை நம் பள்ளிப் பதிவேட்டிலேயே காட்ட முடியும்.) அச்சிறுவன் வளர்ந்து அந்நகரிலேயே ஆசிரியரானான். லியோனார்ட் கோவெல்லோ என்று அறியப்பட்டவர் அவரே.

அக்காலத்தில் நியூயார்க் உயர்நிலைப்பள்ளிகளில் பிரெஞ்சுக்கும் ஜெர்மனுக்கும் இருந்த மதிப்பு இத்தாலிய மொழிக்கு இல்லை. அந்நகரத் தெருக்களில் கல் சுமந்தோரும் ஆடை தைத்தோரும் இலட்சக்கணக்கில் பேசிய மொழி அது. பள்ளிக்கு ஏற்றதன்று என்று கருதப்பட்டது. கோவெல்லோ தம் மாணவர்களைச் சேர்த்துக்கொண்டு இத்தாலியர் குடியிருந்த வீடுகளின் படியேறி, பெற்றோரிடம் பேசி இசைவு பெற்றார். 1922-இல் நியூயார்க் கல்வி வாரியம் இத்தாலிய மொழிக்கு ஏனைய மொழிகளுக்குச் சமமான இடத்தை அளித்தது. அவர் பின்னர் 1934-இல் பெஞ்சமின் பிராங்க்ளின் உயர்நிலைப்பள்ளியின் தலைமையாசிரியரானார். நாம் தலைமையாசிரியராக இருப்பதால் இச்செய்தி நமக்குச் சற்றே கூடுதலாக இனிக்கின்றது என்பதை மறைப்பானேன்!

ஆயினும் பெற்றது நிலைத்துவிடும் என்று எண்ணுவதற்கில்லை. அதே அமெரிக்காவில், பல்கலைக்கழகச் சேர்க்கைக்குத் துணைபுரியும் உயர்தரத் தேர்வு ஒன்று இத்தாலிய மொழிக்கும் 2006-இல் முதன்முறையாக நடத்தப்பட்டது. தேர்வெழுதுவோர் போதவில்லை, பணமும் போதவில்லை என்று கூறி, 2009-ஆம் ஆண்டுத் தேர்வோடு அதை நிறுத்திவிட்டனர். இத்தாலிய வமிசாவளியினரின் சங்கங்களும் இத்தாலிய அரசாங்கமும் பொருளுதவி செய்ய முன்வந்த பின்னரே 2012-இல் அத்தேர்வு மீண்டும் நடந்தது. கோடிக்கணக்கில் மக்களும், பின்னால் ஓர் அரசாங்கமும் உள்ள மொழிக்கே இந்நிலை.

அந்த 2009-ஆம் ஆண்டு நமக்கும் மறக்கவியலாதது. எஸ்.பி.எம். தேர்வில் ஒரு மாணவர் எடுக்கும் பாடங்களைப் பத்தாகக் குறைப்பதென்ற முடிவு அவ்வாண்டில்தான் வந்தது. தமிழ்மொழியும் தமிழ் இலக்கியமுமே முதலில் உதிர்ந்துபோகும் என்று நாடெங்கும் தமிழர்கள் குரல் எழுப்பினர், கூட்டங்கள் நடந்தன. ஈற்றில் மேலும் இரு பாடங்கள் எடுத்துக்கொள்ளலாம் என்று அனுமதி கிடைத்தது. அன்று குரல் கொடுத்த பெற்றோருள் எத்தனை பேர் தம் பிள்ளைகளை அவ்விரு பாடங்களுக்கும் அனுப்பினர் என்று கேட்டால் நமக்கு வருத்தமே மிஞ்சும். வாசலைத் திறந்து வைத்துவிட்டு உள்ளே போகாதவர்களாகிவிட்டோம்.

பெற்றோர் கூறும் தடைகளுள் ஒன்று, "தமிழ் எடுத்தால் மொத்தத் தேர்ச்சி கெட்டுவிடும்" என்பது. இதைப் பற்றி எழுத நமக்கு அருகதை உண்டா என்று பலமுறை எண்ணிப் பார்த்தோம். காரணத்தை ஒளிக்காமல் கூறிவிடுகின்றோம். பல ஆண்டுகளுக்கு முன், பயிற்சிக் கல்லூரியிலிருந்து வெளிவந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தபோது, பால்வெட்டும் தாயார் ஒருவர் நான்காம் படிவத்தில் பயின்ற தம் மகளை அழைத்துக்கொண்டு நம்மிடம் வந்தார். அப்பெண் தமிழில் கெட்டிக்காரி. எஸ்.பி.எம். தேர்வுக்குத் தமிழ் எடுக்கட்டுமா என்று யோசனை கேட்டார்கள். "வகுப்பும் ஒழுங்காக நடக்கவில்லை, எதற்கு வீண் துன்பம்? மற்றப் பாடங்களில் கவனம் செலுத்தட்டும்" என்று கூறி அனுப்பினோம். நல்லெண்ணத்தோடுதான் கூறினோம். சில ஆண்டுகள் கழித்து அப்பெண் தமிழ்ப்பள்ளி ஆசிரியராக விரும்பி விண்ணப்பிக்க முனைந்தார். தமிழ் ஆசிரியர் பயிற்சிக்கு எஸ்.பி.எம். தேர்வில் தமிழில் நல்ல தேர்ச்சி வேண்டும். அவரிடம் அத்தாள் இல்லை. இச்செய்தியை அவரே வந்து கூறினார். நம்மீது ஒரு சொல் குறை கூறவில்லை. இன்று அவர் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் வேலை செய்கின்றார். தெருவில் கண்டால் இன்றும் "வணக்கம் ஐயா" என்கின்றார். அந்த வணக்கத்தை ஏற்கும்போதெல்லாம் நமக்கு உறுத்துகின்றது.

தமிழ் எடுத்தால் வேலை கிடைத்துவிடும் என்று வாக்களிக்க நம்மால் இயலாது. ஆசிரியர் பணி உண்டு. நீதிமன்றங்களில் மொழிபெயர்ப்பாளர் பணி உண்டு. மின்னல் பண்பலை போன்ற வானொலியும் நாளிதழ்களும் உண்டு. மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறையும், தஞ்சோங் மாலிம் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பட்டப்படிப்பும் உண்டு. எல்லாருக்கும் இவற்றில் இடம் இராது. ஆனால் இவற்றுக்கு ஆள் வேண்டும். 1924-இல் தொடங்கிய 'தமிழ் நேசன்' நாளிதழ் 2019-இல் நின்றுபோயிற்று. பன்னிரண்டு வயதோடு தமிழை விட்டவர் முப்பது வயதில் நாளிதழ் வாங்குவார் என்று எப்படி எதிர்பார்ப்பது?

தேசிய மொழியும் ஆங்கிலமும் பின்தங்கிவிடும் என்ற அச்சமும் சிலரிடம் உண்டு. வாரத்தில் இரண்டு மூன்று மணி நேரத் தமிழ் வகுப்பால் மலாய்மொழி கெட்டுப்போன பிள்ளை எதையும் இத்தனை ஆண்டுகளில் நாம் கண்டதில்லை. அதற்குமேல் அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

மெய்யான தடை வேறு. அது பேருந்து.

சட்டம் வகுப்புக்கு வசதி செய்யச் சொல்கின்றது. அவ்வகுப்பு எந்த மணிக்கு நடக்க வேண்டும் என்று சொல்லவில்லை. ஆகவே பல பள்ளிகளில் தாய்மொழி வகுப்பு, மற்ற வகுப்புகள் முடிந்த பின் பிற்பகலில் நடக்கின்றது. சில இடங்களில் சனிக்கிழமை. பட்டணத்துப் பிள்ளைக்கு இது பெரிதில்லை. நம் பிள்ளையை எண்ணிப் பாருங்கள். விடியற்காலை ஐந்து மணிக்கு எழுகின்றது. இருட்டோடு சாலை முனைக்கு வந்து நிற்கின்றது. பள்ளி விட்டதும் தோட்டத்துக்குத் திரும்பும் பேருந்து ஒன்றுதான். தமிழ் வகுப்பில் அமர்ந்தால் அந்தப் பேருந்து போய்விடும். அதன்பின் ஈஜோக் சாலையில் வரும் பேருந்துக்குக் காத்திருந்து, இறங்கிய இடத்திலிருந்து செம்பனைக் காட்டு வழியே உள்ளே நடக்க வேண்டும். மழைக்காலமாயின் நாலரை மணிக்கே அங்கு இருட்டிவிடும். பெண் பிள்ளையைப் பெற்ற எந்தத் தாய் அதற்கு உடன்படுவார்? முன்பு இலயத்துக்கு இலயம் நம்மவர்களே நிறைந்திருந்தபோது பத்துப் பிள்ளைகள் கூட்டமாக நடந்தார்கள். இன்று பல குடும்பங்கள் தாமான் வீடுகளுக்கு மாறிவிட்டன. தோட்டத்தில் எஞ்சியிருப்போர் சிலரே. ஒரு மாணவி ஓராண்டு முழுவதும் விடாமல் தமிழ் வகுப்புக்குச் சென்றாள். அவளோடு நடக்கும் தோழி வேறு ஊருக்குக் குடிபெயர்ந்ததும் அவளும் நின்றுவிட்டாள். அவள் தந்தையார் நம்மிடம் வந்து, மன்னிப்புக் கேட்பவரைப் போலப் பேசினார். மன்னிப்புக் கேட்க வேண்டியவர் அவரல்லர்.

சிங்கப்பூரில் தமிழ் அதிகாரத்துவ மொழிகளுள் ஒன்று. இடைநிலைப்பள்ளியிலும் தமிழ்ப் பிள்ளைகள் அதைத் தொடர்ந்து கற்கின்றனர். ஒரு பள்ளியில் தமிழ் வகுப்பு இல்லையெனில், உமறுப்புலவர் தமிழ்மொழி நிலையம் போன்ற பொது நிலையத்துக்குப் பல பள்ளி மாணவர்களும் சென்று ஒன்றாகப் படிக்கின்றனர். நம்மிடம் அவர்களுடைய வசதி இல்லை. ஆனால் சனிக்கிழமைகளில் பூட்டிக் கிடக்கும் பள்ளிக்கூடக் கட்டடம் ஒன்று நம்மிடம் இருக்கின்றது.

ஆகவே நம் யோசனை இது. இடைநிலைப்பள்ளிகளில் முறையாக வகுப்புக் கோரும் கடிதங்களைப் பெற்றோர் கொடுத்தல் வேண்டும். அது சட்டப்படியான உரிமை, அதை விட்டுவிடக் கூடாது. வகுப்பும் ஆசிரியரும் அமையும்வரை, அமைந்த பின்னரும் பேருந்து கிடைக்காத பிள்ளைகளுக்காக, சனிக்கிழமை காலையில் நம் பள்ளியிலேயே ஒன்றாம் படிவம் முதல் ஐந்தாம் படிவம் வரையிலான மாணவர்களுக்குத் தமிழ் வகுப்பு நடத்தலாம். நம் ஆசிரியர் இருவர் ஊதியமின்றிக் கற்பிக்க இசைந்துள்ளனர். மூன்றாமவராக நாமும் இருப்போம். இலக்கணத்தை நம்மிடம் விட்டுவிடலாம். இடமும் ஆசிரியரும் ஆயிற்று. வேண்டுவது ஒரு வேன்.

இங்கேதான் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் கருத்து இரண்டாயிற்று. கையிருப்புப் பணத்தில் வகுப்பறைகளுக்குப் புதிய மின்விசிறிகள் வாங்க வேண்டும் என்றனர் ஒரு சாரார். வெக்கையில் வாடும் சிறுவர்களைக் கண்டவர்கள் அவர்கள். அவர்கள் கூறுவதில் நியாயம் உண்டு. "நம் பள்ளியை விட்டுப்போன பிள்ளைகளுக்கு நம் பணத்தை ஏன் செலவிட வேண்டும்?" என்று ஒரு பெரியவர் கேட்டார். அக்கேள்விக்கு அன்று நம்மால் உடனே பதில் கூற முடியவில்லை. வீட்டுக்கு வந்து எண்ணிப் பார்த்தோம். ஐயா, அப்பிள்ளைகள் நம் பள்ளியை விட்டுப் போனவர்கள்தாம். அவர்களுடைய தம்பி தங்கையரை நம் பள்ளியில் சேர்ப்பதா வேண்டாமா என்று பெற்றோர் முடிவு செய்யும்போது, "ஆறாண்டுக்குப் பின் இந்தத் தமிழ் என்ன ஆகும்?" என்றுதானே கேட்கின்றனர்? இவ்வாண்டு முதலாம் ஆண்டில் எத்தனை நாற்காலிகள் காலியாக இருந்தன என்பதைத் தாங்களும் கண்டீர்கள். மின்விசிறி சுழல வகுப்பறையில் பிள்ளைகள் இருத்தல் வேண்டும்.

விளையாட்டுப் போட்டி நாளில் பிரமுகர்களுக்கு வைக்கும் விருந்தையும் மாலை மரியாதைகளையும் குறைத்துக்கொண்டால், இரண்டுக்குமே ஓரளவு பணம் கிடைக்கும் என்பது நம் கணக்கு. பிரமுகர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்று நம்புகின்றோம், கோபித்துக்கொண்டாலும் பொறுத்துக்கொள்வோம்.

கோரிக்கைக் கடிதத்தின் படிவங்கள், தேசிய மொழியிலும் தமிழிலும், பள்ளி அலுவலகத்தில் வைக்கப்பட்டுள்ளன. ஆறாம் ஆண்டு மாணவர்களின் பெற்றோர் மட்டுமன்றி, ஏற்கெனவே இடைநிலைப்பள்ளியில் பிள்ளைகளை வைத்திருப்போரும் வந்து கையொப்பமிடலாம். பிள்ளையின் முழுப்பெயர், அடையாளக்கார்டு எண், பயிலும் பள்ளி, படிவம் ஆகியவற்றைத் தவறின்றி எழுத வேண்டும். பெயரைப் பிறப்புப் பத்திரத்தில் உள்ளபடியே எழுதுக. பகலில் வேலைக்குச் செல்வோர்க்காக வெள்ளிக்கிழமை மாலை கோயில் மண்டபத்தில் ஆசிரியர் ஒருவர் படிவங்களுடன் அமர்ந்திருப்பார். புதிய பள்ளித்தவணையின் முதல் வாரத்தில் நாமே இக்கடிதங்களை எடுத்துக்கொண்டு ஒவ்வோர் இடைநிலைப்பள்ளிக்கும் செல்வோம். உடன் வர விரும்பும் பெற்றோர் இருவர் மூவர் முன்கூட்டியே தெரிவித்தால், காரில் இடமுண்டு.